எழுபத்தாறு மடங்கு

லண்டன் பாடிங்டனில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் டிட்காட். புரூனல் என்ற பொறியாளர் 1830களில் வகுத்த பாதை இது. ஏற்ற இறக்கமே தெரியாமல் ரயில் வழுக்கிக்கொண்டு போகிறது. டிட்காட்டில் இறங்கும் ரயில் பித்தர்கள் பெரும்பாலும் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கும் நீராவி எஞ்சின் காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். கூட வந்த அக்கா மகனுக்கும் அங்கே போகத்தான் ஆசை. ரெடிங்கில் மென்பொருள் வேலை பார்க்கிறவன். "மாமா, நிஜ எஞ்சினே இங்க நிக்குது. இதை விட்டுட்டு அட்டை வீடு பார்க்க டாக்சி பிடிக்கணுமா?" என்றான்.

பிடித்தோம். லாங் விட்டன்ஹாம் பக்கத்து ஊர்தான். தேம்ஸ் நதி வளைந்து போகும் கரையில் வைக்கோல் கூரை வீடுகள், ஒரு பழைய தேவாலயம், தூரத்தில் உச்சியில் மட்டும் மரக்கூட்டம் வைத்த இரண்டு குன்றுகள். பெண்டன் அருங்காட்சியகம் அந்த ஊரில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் கவர்ச்சியும் இல்லாத கட்டடம்.

உள்ளே, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், 1930களின் இங்கிலாந்துப் பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கிறது. வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கு என்று பெயர். சுண்ணாம்புக் குன்றில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய வெள்ளைக் குதிரை உருவத்தால் வந்த பெயர். வயல்கள், வேலிகள், குதிரை வண்டி, குடிசைகள். நடுவே கிரேட் வெஸ்டர்ன் ரயில் ஒன்று அவசரமில்லாமல் போகிறது. நான் ரயிலைப் பார்க்கவில்லை. ஒரு வீட்டின் பின்கட்டில் முட்டைக்கோஸ் பாத்தி இருந்தது. ஒவ்வொரு கோஸும் தனித்தனி. அந்த வீட்டுச் சுவரில் செங்கற்கள் ஒரே நிறமாக இல்லை. ஒன்று வெந்தது, ஒன்று வேகாதது, மழைநீர் வழிந்த இடத்தில் பாசி. கூரையின் வைக்கோல் முகட்டில் புதுசு, சரிவில் பழசு. ஜன்னலுக்குள் திரைச்சீலை. அந்த வீடு மொத்தமும் என் உள்ளங்கையில் அடங்கும்.

"இதெல்லாம் எதில் செய்தது?" என்று அங்கிருந்த தன்னார்வலர் ஒருவரிடம் கேட்டேன். அட்டை, வாட்டர்கலர் என்றார். அந்த வைக்கோல்? பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றுகிற சணல் நார்.

இதை ஆரம்பித்தவர் ராய் இங்லண்ட். பெயரில் இங்கிலாந்து இருந்தாலும் ஆள் ஆஸ்திரேலியாக்காரர். 1925இல் பெர்த்திலிருந்து கப்பலேறி வந்த இளைஞர். இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்து மயங்கினார். கொஞ்ச நாளிலேயே இன்னொன்றையும் பார்த்தார்: வைக்கோல் கூரையை எடுத்துவிட்டு மலிவான ஓடு போடுகிறார்கள், பழைய சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். இருக்கிறவர்களுக்கு ஒழுகாத கூரை வேண்டாமா? வேண்டும்தான். தடுக்க அவருக்கு என்ன உரிமை? ஒன்றுமில்லை. ஆகவே போய் ஒவ்வொரு வீடாக அளந்தார், படம் எடுத்தார், குறிப்பு எழுதினார், அட்டையில் திரும்பக் கட்டினார். 1954இல் இந்த ஊரில் ஒரு பழைய மதுக்கடைக் கட்டடத்தை வாங்கி அங்கே தன் பள்ளத்தாக்கைக் குடிவைத்தார். 1995இல் காலமானார். தன்னார்வலர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சில வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகுமாம்.

பெண்டனில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது இந்தப் பள்ளத்தாக்குகூட இல்லை, அதே கட்டடத்தில் இருக்கும் இன்னொன்று. மேடர் வேலி ரயில்வே. ஜான் ஏஹெர்ன் என்ற லண்டன் காப்பீட்டுத் தொழில்காரர் 1930களின் இறுதியில் தன் வீட்டில் கட்டத் தொடங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தது. அதுவரை மாதிரி ரயில் என்றால் எஞ்சினும் தண்டவாளமும்தான். சுற்றி ஊர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஏஹெர்ன் ஊரை முதலில் யோசித்தார். ஊர் ஊராகப் போய்த் தனக்குப் பிடித்த நிஜக் கட்டடங்களைப் பார்த்துவந்து, அவற்றை இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். மேடர்போர்ட், மச் மேடர், கேமன் மேக்னா என்று ஊர்ப் பெயர்களிலேயே குறும்பு. சந்து வளைகிறது, மாடிப்படி கோணலாக ஏறுகிறது, துறைமுகத்தில் சரக்கு கிடக்கிறது.

பெண்டன் பள்ளத்தாக்கின் துல்லியத்துக்கு முன்னால் இது கொஞ்சம் சொரசொரப்புத்தான். இருந்தாலும் எனக்கு இதுதான் பிடித்தது. அங்கே நான் விருந்தாளியாக நின்றேன். இங்கே ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் ஏஹெர்ன் தன் கட்டுமான முறைகளைப் புத்தகங்களாகவே எழுதினார். அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1954 வரை உணவுக்கே ரேஷன் இருந்த நாடு. கடையில் போய்ப் பொம்மை வீடு வாங்குவது நடக்காத காரியம். வீட்டில் என்ன கிடக்கிறது என்று பார்த்துத்தான் ஒரு தலைமுறையே இந்தக் கலையைக் கற்றுக்கொண்டது.

அந்தத் தலைமுறையின் வாரிசு ஒருவரை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சந்தித்தேன். பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் சமூகக் கூடத்தில் மாதிரி ரயில் கண்காட்சி. வாசலில் கட்டணம், ஒரு மூலையில் தேநீரும் கேக்கும் விற்கும் பெண்மணிகள், நடுவே மேசை மேசையாக ரயில்கள். விற்பனைக் கடைகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஓர் எஞ்சின் நூற்றைம்பது, இருநூறு பவுண்டு. வண்ணம் பூசித் தயாராக வரும் சின்னக் கட்டடத்துக்கே நல்ல ஹோட்டலில் இரண்டு பேர் சாப்பிடும் காசு. கடைசி மேசையில் மட்டும் ரயில் ஓடவில்லை. எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். முன்னால் பாதி கட்டிய சிக்னல் கேபின்.

"காசு மிச்சம் பிடிக்கத்தானே இந்த அட்டை?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது கடையில் விற்கும் அட்டையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். இது எவ்வளவு தடிமன் தெரியுமா? அரை மில்லிமீட்டர். எழுபத்தாறால் பெருக்குங்கள்."

பிரிட்டனில் அதிகம் புழங்கும் மாதிரி ரயில் அளவில் நிஜத்தின் ஓர் அடி 4 மில்லிமீட்டர் ஆகிறது. அதாவது 76இல் ஒரு பங்கு. (ஐரோப்பாவில் 87இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை என்பதால் அந்தக் காலத்து மோட்டார் அதற்குள் நுழையவில்லை. எஞ்சினை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். கணக்குப்படி அது 19க்குக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்க வேண்டும். இதற்காக இன்றும் சண்டை நடக்கிறது. அதில் நாம் தலையிட வேண்டாம்.) அரை மில்லிமீட்டர் பெருக்கல் 76 என்றால் 38. ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் கூரைக்குப் போடும் கல் ஓடுகளில் கனத்தவற்றின் தடிமன் அதைச் சுற்றித்தான் வருகிறது.

"கல் ஓடு என்றால் கார்ன்ஃபிளேக்ஸ். வேல்ஸ் தேசத்து மெல்லிய கற்பலகை என்றால் இது ஆகாது. கடிதம் எழுதும் தாள் போதும். பத்தில் ஒரு மில்லிமீட்டர், பெருக்கினால் ஏழரை. மின்சார பில் வரும் உறையை நான் எறிவதே இல்லை."

பெரியவர் சொன்னதில் எனக்கு ஒரு கதவு திறந்தது. நவராத்திரி கொலுவுக்குப் பார்க் கட்டும்போது நாமும் கண்ணாடியைக் குளமாக்குகிறோம், கடுகை முளைக்கவைத்துப் புல்லாக்குகிறோம். ஆனால் அங்கே செட்டியார் பொம்மையைவிட யானை சிறிதாக இருக்கும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே மொத்த விஷயமும் அந்தப் பெருக்கலில்தான் நிற்கிறது. குப்பைக்கூடையில் கிடப்பது மலிவா, விலை உயர்ந்ததா என்று இவர் பார்ப்பதில்லை. 76 மடங்கு பெருத்தால் அது என்னவாக இருக்கும் என்று பார்க்கிறார். தீக்குச்சி 2 மில்லிமீட்டர், ஆகவே ஆறு அங்குல உத்தரம். பால்பாயிண்ட் பேனாவின் காலி ரீஃபில், புகைபோக்கியின் உச்சியில் வைக்கும் மண்குழாய். பழைய ஒயரைச் சீவினால் வரும் செம்புக் கம்பி, மழைநீர் இறங்கும் குழாய். தலைமுடி ஓர் இழை, கோதுமைத் தாளின் பருமன். அந்த வேகத்தில் நானும் மேசையில் இருந்ததையெல்லாம் பெருக்க ஆரம்பித்தேன். அக்கா மகன் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தே வைத்துக்கொண்டான்.

புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது எங்கே என்று கேட்டேன். மேசைக்கு அடியிலிருந்து பார்சல் வரும் நெளி அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தார். மேல் தாளை உரித்தால் உள்ளே அலை அலையாக இருக்குமே, அது.

"எல்லோரும் இதைப் பார்த்ததும் தகரக் கூரை கிடைத்துவிட்டது என்று துள்ளுவார்கள். அலைக்கு அலை ஏழெட்டு மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள். அரை மீட்டருக்கு மேல் ஓர் அலை! அந்தக் கொட்டகைக்கு அடியில் மாடு கட்ட முடியாது, யானைதான் கட்டலாம்."

நிஜத் தகரத்தில் ஓர் அலை முகட்டுக்கும் அடுத்ததற்கும் 3 அங்குலம், 76 மில்லிமீட்டர். 76ஆல் வகுத்தால் சுளையாக 1. அதற்கு அவர் எடுத்தது தக்காளி விழுது வரும் அலுமினியக் குழல். பற்பசைக் குழல் போல இங்கே தக்காளி விழுதை விற்கிறார்கள். இரண்டு முனையையும் வெட்டி, நடுவில் கீறி, கழுவி, ஒரு கரண்டியின் முதுகால் தேய்த்துச் சமமாக்கியிருந்தார். நாலைந்து மடிப்பு செய்தித்தாளின் மேல் அந்தத் தகட்டை விரித்தார். மேலே ஸ்டீல் ஸ்கேல். மை தீர்ந்த பேனாவால் ஒரு மில்லிமீட்டர் விட்டு ஒரு மில்லிமீட்டர் அழுத்திக் கோடு இழுத்தார். தகட்டைத் திருப்பி, விழுந்த கோடுகளுக்கு நடுவே மறுபடி இழுத்தார். பத்து நிமிடத்தில் கையில் ஒரு தகரக் கொட்டகையின் கூரை இருந்தது. ஓரத்தைக் கொஞ்சம் கசக்கிவிட்டு, துருவின் நிறத்தை விரலாலேயே தடவினார். கிட்டே வைத்து முகர்ந்தேன். தக்காளி வாசனை மட்டும் போகவில்லை.

சிக்னல் கேபினின் சுவரை எப்படிக் கட்டுகிறார் என்பதையும் காட்டினார். அதில்தான் பெரியவரின் அனுபவம் தெரிந்தது. பெட்டியின் அச்சுப் பக்கம் உள்ளே போக வேண்டும். பென்சிலால் சுவரை வரைந்ததும் ஜன்னல்களைத்தான் முதலில் அறுக்க வேண்டும். வெளி ஓரத்தை முதலில் வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள இடமில்லாமல், ஜன்னல் மூலையில் அட்டை கிழிந்துவிடும். ஒரே அழுத்தில் அறுக்கக் கூடாது. நாலைந்து முறை லேசாக, ஒரே தடத்தில் கத்தி போக வேண்டும். மரத்துக்கு இருப்பதுபோலவே அட்டைக்கும் இழையோட்டம் உண்டு. மூன்று அட்டைகளை ஒட்டிச் சுவராக்கும்போது நடு அட்டையின் இழையைக் குறுக்கே திருப்பிவிட்டால் சுவர் வளையாது. ஒட்டுவது நம் பெவிகால் போன்ற வெள்ளைப் பசைதான். ஒட்டியதைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைக்கிறார். "டெலிபோன் டைரக்டரிகள் நின்றுபோனது எங்களுக்குத்தான் பெரிய இழப்பு" என்றார். அது வேடிக்கையா வருத்தமா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜன்னல் கண்ணாடி, புதுச்சட்டைக் காலருக்குள் வரும் பிளாஸ்டிக். சட்டங்கள், பார்சலில் ஒட்டும் வெள்ளை லேபிளை முடி கனத்துக்கு நறுக்கியவை. பின்னால் பசை ஏற்கெனவே இருக்கிறதே! புதர் வேண்டுமென்றால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்தால் போதும். தரைக்குத் தேயிலை. கூடத்தின் மூலையில் தேநீர் விற்ற பெண்மணிகள் பயன்படுத்திய பைகளைத் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. உலர்த்தி, பிரித்து, பசை தடவிய இடத்தில் தூவினால் இலையுதிர் காலத்து மரத்தடி. அந்தப் பெண்மணிகளில் ஒருவர் அவர் மனைவி.

ஈரம்தான் இவர்களுக்கு எதிரி. இங்கிலாந்தின் மழையில் அட்டை உறிஞ்சிக்கொண்டு உப்பும். அதற்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை உள்ளும் புறமும் பூசுகிறார். ஜார்க்கண்ட் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுக்கிற அரக்கு இங்கே வந்து கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியைக் காக்கிறது. நம்மூரில் இப்படி ஓர் ஊரைக் கட்டினால் அரக்கு போதுமா என்பது சந்தேகம். முதலில் குடிவருவது கரையானாகத்தான் இருக்கும்.

பணம் செலவாகும் இடங்கள் உண்டு. அவற்றைப் பெரியவர் மறைக்கவில்லை. எஞ்சினையும் சக்கரங்களையும் வாங்கித்தான் ஆக வேண்டும். மனித உருவங்களையும் அப்படியே. ஊக்கு முனையில் களிமண் உருட்டிப் பார்த்தாராம், எல்லோரும் பூசணிக்காய் விழுங்கியவர்கள்போல வந்தார்கள். பிளேடில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. மழுங்கிய பிளேடு அட்டையை அறுக்காது, நசுக்கும். ஒரு சுவருக்கு ஒரு புதுப் பிளேடு என்று வைத்திருக்கிறார். மறுசுழற்சி என்று யாராவது பாராட்டினால் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல். "சுற்றுச்சூழலுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்குக் கார்ன்ஃபிளேக்ஸ் பிடிக்காது. பெட்டிக்காகத்தான் இத்தனை வருஷம் சாப்பிடுகிறேன்."

கிளம்பும் நேரத்தில் அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டான். நாள் முழுக்க இதெல்லாம் வேலையற்றவர்களின் வேலை என்று முணுமுணுத்தவன். இந்த நாட்டுக்கு அவன் வந்த புதிதில் டிட்காட் அனல் மின் நிலையத்தின் ஆறு குளிரூட்டும் கோபுரங்களும் ரயிலிலிருந்து தெரியுமாம். அவை கண்ணில் பட்டால் வீடு நெருங்கிவிட்டது என்று அர்த்தமாம். 2014இல் மூன்றையும் 2019இல் மிச்ச மூன்றையும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

"அதை யாராவது அட்டையில கட்டியிருக்காங்களான்னு கேளுங்க மாமா" என்றான். பிறகு பொறுக்காமல் அவனே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டான்.

பெரியவர் பேனாவை எடுத்துப் பழைய உறையின் பின்னால் கணக்குப் போட்டார். கோபுரத்தின் உயரம் 114 மீட்டர். 76ஆல் வகுத்தால் ஒன்றரை மீட்டர். "வளைவுக்குப் பயப்பட வேண்டாம். இடுப்பு ஒடுங்கியதுபோலத் தெரிகிறதே தவிர, அந்த உருவத்தை நேர்க் குச்சிகளாலேயே கட்டலாம். அடியில் ஒரு வளையம், மேலே ஒரு வளையம், நடுவில் குச்சிகளைச் சாய்த்து வைத்தால் இடுப்பு தானாக வரும். மேலே ஒட்ட ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி. ஆறு கோபுரத்துக்கு எத்தனை பெட்டி என்று நீதான் பார்க்க வேண்டும்."

"அந்தப் பெரிய புகைபோக்கி?" என்றான் இவன். அது 200 மீட்டர். பெரியவர் வகுத்துப் பார்த்தார்; 2.6 மீட்டருக்கு மேல் வந்தது.

"எங்கள் வீட்டுக் கூரை உயரமே 2.4தான்" என்று தேநீர் மூலையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்.